சிறு தழும்பும் பெரு வினாவும்

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் நெடிது வளர்ந்து மெலிந்த மாணவன் ஒருவன் இருந்தான். ஒருநாட் காலை நெஞ்சு நோகின்றது என்றான், மூச்சும் தடுமாறிற்று. ஒருபக்க நுரையீரல் சுருங்கிவிட்டதென வைத்தியர் கண்டு, குழாயிட்டுக் காற்றை வெளியேற்றினர். சில திங்களில் நோய் மீண்டது, சத்திரசிகிச்சை நிகழ்ந்தது. வகுப்புக்குத் திரும்பியவன் விலாப்புறத்து மூன்று சிறு தழும்புகளைக் காட்டி, "ஐயா, இனி இது வராதோ?" என வினவினான். அவனுக்கு விளங்கும் மொழியில் எவரும் அதனைக் கூறியிருக்கவில்லை.

நுரையீரலின் உச்சியிலுள்ள சிறு கொப்புளம் வெடித்தால், காற்று நெஞ்சறையுட் கசிந்து நுரையீரலைச் சுருக்குகின்றது. நெடிய, மெலிந்த இளைஞரையே இந்நோய் பெரிதும் பற்றும். புகைப்போர்க்கு இடர் பன்மடங்கு. ஒருமுறை வந்தவருள் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு அது மீளவும் வரும். முன்னர் விலாவை அகலத் திறந்து கொப்புளத்தை அகற்றி, நுரையீரலை நெஞ்சுச் சுவரோடு ஒட்டச் செய்தனர். 1990களிலிருந்து சிறு துளைகள் வழியே கமெராவைச் செலுத்தி அதனையே செய்கின்றனர். நோவு குறைவு, வைத்தியசாலையில் தங்கும் நாள்களும் குறைவு. ஆயினும், திறந்த சிகிச்சையின் பின் நூற்றுக்கு ஒருவர் அளவிலும், துளைவழிச் சிகிச்சையின் பின் நூற்றுக்கு ஐவர் அளவிலும் நோய் மீளுகின்றது. 2007இல் 'லான்செற்' இதழில் வெளிவந்த ஆய்வுத்தொகுப்பும் இவ்வேறுபாடு ஏறத்தாழ நான்கு மடங்கு என்றது.

துளைவழிச் சிகிச்சையை நான் குறைகூறவில்லை. நூற்றுவரில் தொண்ணூற்றைவர் நலமடைவது சிறிதன்று. ஆனால் நலத்தையும் குறையையும் ஒருங்கே அறிந்து இசைவதே இசைவாகும். அறியாது கையொப்பமிடுதல் இசைவன்று.

தமிழில் இவற்றை விளக்கல் அரிது என்பார் மானிப்பாயை நினைப்பாராக. 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், 1864 முதல் அங்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்று நூலையும் சத்திரவைத்திய நூலையும் தமிழாக்கினார். அவர் சமயம் வேறு. அவர் தமிழ்ப்பணி நமக்கும் உரியது. அன்று கற்பித்தற்கு இயைந்த மொழி, இன்று நோயாளனுக்கு ஐந்து நிமிடம் விளக்குதற்கு இயையாதோ?

நம் பழைய மாணவருள் வைத்தியராயினோர்க்கு என் வேண்டுகோள்: கத்தியை எடுக்குமுன் தமிழில் எண்களைக் கூறுங்கள். மாணவர்காள், புகையைத் தொடாதீர்கள். இந்நோய் கண்டவராயின், வைத்தியரின் இசைவின்றி வாயுக்குடுவை பூண்டு கடலில் முக்குளியாதீர்கள்.

அம்மாணவனுக்கு அன்று நான் விடை கூறவில்லை, அறிந்திலேன். இன்று கூறுகின்றேன்: "தம்பி, பெரும்பாலும் வராது. வரினும் அஞ்சாதே; தாமதியாது வைத்தியரிடம் செல்."