ஞாபகமில்லாத பொத்தான்

சிக்கனத்தை யாரும் குறை கூற முடியாது. ஆனால், சிக்கனத்தின் பெயரால் ஒரு மனிதனுக்குக் காவல் போட்டால் அந்தக் காவலைக் குறை கூறலாம், கூறத்தான் வேண்டும்.

இன்று விற்பனைக்கு வரும் மோட்டார் கார்கள் பலவற்றில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. சிக்னலில் வண்டி நின்றதும் எஞ்சின் தானாக நின்றுவிடுகிறது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலோ, கிளட்சை மிதித்தாலோ தானாகவே கிளம்புகிறது. வேண்டாம் என்பவர்களுக்காக ஒரு பொத்தானும் வைத்திருக்கிறார்கள். அழுத்தினால் ஏற்பாடு சும்மா இருக்கும். ஆனால் மறுமுறை வண்டியை எடுக்கும்போது, நாம் சொன்னது அத்தனையும் பொத்தானுக்கு மறந்து போயிருக்கும்! பெரும்பாலான கார்களில் இதுதான் கதை. ரேடியோவில் நேற்று எந்த ஸ்டேஷன் வைத்தோம் என்பது காருக்கு நினைவிருக்கிறது. ஏ.ஸி.யை எத்தனையில் வைத்தோம் என்பதும் நினைவிருக்கிறது. எஞ்சினை நிறுத்தாதே என்று சொன்னது மட்டும் நினைவில்லை. இந்த மறதி தற்செயலானது என்று நான் நம்பவில்லை.

எதிர்த் தரப்புக்கு உரியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிடுவது வீண்தான். ஒரு நடுத்தரக் கார் அப்படி ஒரு மணி நேரம் நின்றால், அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பெட்ரோல் புகையாகப் போகும். பத்து விநாடிக்கு மேல் நிற்பதானால் நிறுத்திக் கிளப்புவதே லாபம் என்று அமெரிக்காவின் ஆர்கான் ஆராய்ச்சிக்கூடம் அளந்து சொல்லியிருக்கிறது. அடிக்கடி கிளப்பினால் ஸ்டார்ட்டர் தேய்ந்துவிடும் என்ற பயத்துக்கும் அதிக ஆதாரமில்லை. இந்த வண்டிகளில் அதற்கென்றே வலுவான ஸ்டார்ட்டரை வைக்கிறார்கள். யோசனையும் புதிதல்ல. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்ததை அடுத்து, ஜப்பானில் டொயோட்டா கிரவுன் காரில் இதை வைத்து டோக்கியோ நெரிசலில் ஓட்டிப் பார்த்தார்கள். நூற்றுக்குப் பத்துப் பங்கு பெட்ரோல் மிச்சம் என்று கணக்குச் சொன்னார்கள். ஆகவே என் சண்டை சிக்கனத்தோடு அல்ல.

சொல்லப் போனால், இந்த வித்தையை நம் ஊர் டிரைவர்களுக்கு யாரும் கற்றுக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ரயில்வே கேட் மூடியதும் சாவியைத் திருகி நிறுத்துகிற ஆட்டோக்காரரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மிச்சமாகும் பெட்ரோல் அவருடைய சொந்தக் காசு. ரயில் போய்விட்டதா, எதிரே லாரி நகர்கிறதா என்று அவரே பார்த்து, அவரே கிளப்புவார். 2020-ல் டெல்லி அரசாங்கம், சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்துங்கள் என்று ஓர் இயக்கமே நடத்தியது. அதுவும் மனிதனைப் பார்த்துக் கேட்டுக்கொண்டதுதான். கேட்டுக்கொள்வதற்கும் கையைப் பிடித்து இழுப்பதற்கும் வித்தியாசமில்லையா?

சென்னையில் பல சிக்னல்களில் விநாடி எண் குறைந்துகொண்டே வருகிறது. தொண்ணூறு என்று கண்டால் எந்த டிரைவரும் எஞ்சினை நிறுத்துவார். நான்கு என்று கண்டால் நிறுத்த மாட்டார். இந்தச் சின்ன விவேகம் யந்திரத்துக்குக் கிடையாது. பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் மிச்சம், உள்ளே எவ்வளவு உஷ்ணம் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். வண்டிக்கு உள்ளே நடப்பது எல்லாம் தெரியும். சாலையில் நடப்பது தெரியாது. நெரிசலில் இரண்டடி நகர்ந்து நின்றால் அதற்கும் ஒரு முறை எஞ்சின் நிற்கும். எதிர்வரும் வண்டிகளின் இடைவெளி பார்த்து வலப்பக்கம் திரும்பக் காத்திருப்பவனுக்கு, அந்த அரை விநாடித் தாமதம் சிறிய விஷயமல்ல. பத்து விநாடிக்கு மேல்தான் லாபம் என்று விஞ்ஞானம் சொல்லும்போது, மூன்று விநாடிக்கும் நிறுத்துகிற யந்திரத்தைச் சிக்கனம் என்று எப்படி அழைப்பது?

பொத்தான் ஏன் மறக்கிறது? காரணம் சாலையில் இல்லை, சோதனைச்சாலையில் இருக்கிறது. ஒரு காரின் மைலேஜை உருளைகளின் மேல் ஓட்டி அளக்கிறார்கள். கார் கிளம்பும்போது இயல்பாக எந்த நிலையில் இருக்குமோ, அந்த நிலையில்தான் அளவு எடுப்பார்கள். டிரைவர் ஒரு முறை அணைத்தால் அணைந்தே கிடக்கும் என்றால், அந்தச் சிக்கனத்தைக் கணக்கில் காட்டுவது கடினம். ஆகவே காகிதத்தில் எழுதிய மைலேஜைக் காப்பாற்றுவதற்காக, தினம் காலையில் உங்கள் சொல்லை மறக்க வேண்டியிருக்கிறது!

அந்தக் கணக்கையும் பார்ப்போம். ஐரோப்பாவின் பழைய சோதனை 1180 விநாடி நடக்கும். அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நேரம் வண்டி சும்மா நிற்கும். நிற்கும்போது எஞ்சினை நிறுத்துகிற வண்டிக்கு அது பரிசு மழை அல்லவா? ஐரோப்பாவே 2017 முதல் அந்தச் சோதனையை விலக்கிவிட்டு, நிற்கும் நேரம் பாதியாகக் குறைந்த வேறு சோதனைக்கு மாறியது. நம் நாட்டுச் சோதனையோ அந்தப் பழையதை ஒட்டி அமைக்கப்பட்டது. அதிலும் ஏ.ஸி.யை அணைத்துவிட்டு அளப்பதே வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. சித்திரை வெயிலில் அண்ணா சாலையில் ஏ.ஸி.யை அணைத்துவிட்டு ஓட்டும் தியாகி யார்? உள்ளே உஷ்ணம் ஏறியதும் எஞ்சின் தானாகக் கிளம்பிவிடும். அல்லது நிற்கவே நிற்காது. சாலையில் லாபம் கரைந்துவிடுகிறது. காகிதத்தில் மட்டும் அப்படியே இருக்கிறது. 2017-ல் அமலுக்கு வந்த இந்திய விதி, ஒரு கம்பெனி விற்கும் கார்களின் சராசரிப் புகைக்கு வரம்பு கட்டியது. அந்த வரம்பு 2022-ல் கிலோமீட்டருக்கு 113 கிராம் ஆயிற்று. அந்தக் கணக்கில் இந்த ஏற்பாட்டுக்குத் தனிச் சலுகையும் கொடுத்தார்கள். புண்ணியம் கம்பெனிக் கணக்கில் ஏறுகிறது.

செலவோ நம் கணக்கில். நாள் முழுவதும் நிறுத்திக் கிளப்பினால் சாதாரண பேட்டரி தாங்காது. விலை கூடிய விசேஷ பேட்டரி வேண்டும். பேட்டரிக்கு நம் ஊர் வெயில் பரம சத்துரு. அது செத்த அன்று கடைக்காரர் சொல்லும் விலை, மிச்சம் பிடித்த பெட்ரோலில் எத்தனை மாதத்தை விழுங்கும் என்பதை ஷோரூமில் யாரும் சொல்வதில்லை.

"ஒரு பொத்தானை அழுத்த இத்தனை அழுகையா?" என்று கேட்கலாம். தினமும் ஒரே பதிலைச் சொல்ல வைத்து, தினமும் அதை மறந்துவிடுகிற வேலைக்காரனை நீங்கள் எத்தனை நாள் வைத்துக்கொள்வீர்கள்? இதே வித்தை 2014-ல் ஹீரோ கம்பெனியின் மோட்டார் சைக்கிளில் வந்தது. நியூட்ரலில் நின்றால் எஞ்சின் நிற்கும். கிளட்சைப் பிடித்தால் கிளம்பும். கைப்பிடி அருகே ஒரு சுவிட்சு. வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். மோட்டார் சைக்கிள்காரனுக்குக் கொடுத்த மரியாதையை, பல லட்சம் கொட்டி வாங்கும் கார்க்காரனுக்குக் கொடுக்கக் கூடாதா?

அமெரிக்காவில் 2025 மே மாதம் சுற்றுச்சூழல் இலாகாவின் தலைவர் லீ செல்டின், இந்த ஏற்பாட்டை எல்லோரும் வெறுப்பதாகச் சொல்லி, மாற்றப் போவதாக அறிவித்தார். அந்தக் கூட்டத்தில் என்னைச் சேர்க்க வேண்டாம். புகை குறைய வேண்டாம் என்பவர்களோடு எனக்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. நான் கேட்பது மூன்றே காரியம். பொத்தான் நாம் சொன்னதை நினைவில் வைத்திருக்கட்டும். மைலேஜை, நாம் ஓட்டுகிறபடி ஏ.ஸி.யோடு அளந்து சொல்லட்டும். ஆளில்லாத குறுக்குத் தெருவுக்காக நூறு வண்டிகளை இரண்டு நிமிஷம் நிறுத்தி வைக்கிற சிக்னல்களைச் சீர்திருத்தட்டும். நூறு எஞ்சின்களை அணைப்பதைவிட, நூறு வண்டிகளை நிற்காமல் போகவிடுவது பெரிய சிக்கனம்.

சிக்கனம் ஒரு நல்ல பழக்கம். பழக்கம் மனிதனிடம்தான் வளரும். மனிதன் கையிலிருந்து அதைப் பிடுங்கி யந்திரத்திடம் கொடுத்துவிட்டு, மனிதன் சொல்வதை மறந்துவிடும்படி அந்த யந்திரத்துக்கும் சொல்லிக் கொடுத்தால், மிச்சமாவது பெட்ரோல் கொஞ்சம், செலவாவது விவேகம்.