கிழ வண்டிக்குப் புதுக் கால்கள்

பழைய அம்பாஸிடரைப் பேணும் அன்பர்களிடையே ஒரு சர்ச்சை: குலுக்கல் தீர, பின்புறத்து ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றிவிட்டுக் காற்றுப் பை வைப்பதா, ஹைட்ராலிக் அமைப்பு வைப்பதா? இரண்டும் வேண்டாம் என்பது என் கட்சி.

காற்றுப் பைக்குக் கம்ப்ரெஸர், குழாய், வால்வு எல்லாம் வேண்டும். எங்கேனும் கசிந்தால் விடியற்காலையில் வண்டி தரையோடு படுத்திருக்கும். ஹைட்ராலிக்குக்கோ பம்பும், உயர்ந்த அழுத்தத்தில் எண்ணெயும், தேயும் சீல்களும்.

1955-ல் சிட்ரோயன் கம்பெனி தன் டி.எஸ். காரை எண்ணெயிலும் வாயுவிலும் மிதக்கவிட்டது உண்மைதான். ஆனால் அந்தக் கார் அதற்கென்றே பிறந்தது ஐயா! அதே கம்பெனி 2021-ல் கடம்பத்தூரை அடுத்த திருவள்ளூர் ஆலையில் பூட்டிய சி5 ஏர்கிராஸில் இருப்பது சாதாரணச் சுருள்வில். ஷாக் அப்ஸார்பருக்குள் மட்டுமே எண்ணெய் மெத்தை. கண்டுபிடித்தவனே கைவிட்டதை நாம் கட்டிக்கொண்டு அழுவானேன்?

தளர்ந்த பட்டைகளையும் தேய்ந்த புஷ்களையும் மாற்றுங்கள். நல்ல ஷாக் அப்ஸார்பர் போடுங்கள். பாதிக் குலுக்கல் போய்விடும். மீதியைப் பொறுத்துக்கொள்ளலாம். ஏனென்றால், குழந்தை குட்டிகளோடு நடுவழியில் நிற்கும்போது, பட்டைக்கு வைத்தியம் தெரிந்த பட்டறைக்காரர் அநேகமாக அடுத்த ஊரிலேயே இருப்பார். பம்புக்கு வைத்தியம் தெரிந்தவரை எங்கே போய்த் தேடுவீர்கள்?