வர்ணத்துக்கு அடியில் ஒரு பூச்சு

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் இரவு நிறுத்திய வண்டியின் மேல் காலையில் விரலை ஓட்டிப் பாருங்கள். மெல்லிய உப்புப் படிவு ஒட்டும். கொட்டாஞ்சேனையில் துறைமுகப் பக்கத்துக் காற்றும் அப்படித்தான். உப்பும் ஈரமும் சேர்ந்தால் தகரம் விரைவில் துருப்பிடிக்கும்.

நம் நாட்டில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இன்றும் புதிய வண்டி வாங்குவது பல குடும்பங்களுக்கு எட்டாத காரியம். இருக்கும் முச்சக்கர வண்டியை டிங்கரிங் செய்து, பெயின்ட் அடித்து ஓட்டுகிறார்கள். வண்டி கராஜில் நிற்கும் நாளெல்லாம் வருமானமில்லை; லீசிங் தவணையோ நிற்பதில்லை. அடித்த பெயின்ட் அடுத்த மழைக்குள் கொப்பளித்தால் இரட்டை நட்டம். பெரும்பாலும் குறை வர்ணத்தில் இருப்பதில்லை, அதற்கு அடியில் உள்ள பிரைமரில்தான் இருக்கும்.

சகோதரிகளே, "பிரைமர் அடித்தாச்சு அக்கா" என்று சொன்னால், "எந்தப் பிரைமர்?" என்று கேளுங்கள். எல்லாம் ஒன்றல்ல.

என்.சி. பிரைமர் மலிவு, விரைவில் காயும். ஆனால் ஈரத்தை உள்ளே விடும். கடலோர வண்டிக்கு இது மட்டும் போதாது.

எட்ச் பிரைமரில் அமிலம் உண்டு. வெறும் தகரத்தைக் கவ்விப் பிடிக்கும். மெல்லியதாக ஒரு தரம் அடித்தால் போதும். இதன் மேல் நேரே பட்டி வைக்கக்கூடாது.

எபொக்சி பிரைமர் இரண்டு டின்களாக வரும். கலந்து அடிக்க வேண்டும். நீரை நன்றாகத் தடுக்கும். இதன் மேல் பட்டியும் வைக்கலாம். நம் கரையோரத்துக்கு ஏற்றது இதுவே.

பில்லர் பிரைமர் சேண்ட்பேப்பர் கீறல்களை நிரப்பி மட்டமாக்கும். துருவைத் தடுக்கும் வேலையை இதனிடம் எதிர்பார்க்கக்கூடாது. பிளாஸ்டிக் பம்பருக்கு பிளாஸ்டிக் பிரைமர் தனியாக வேண்டும்.

வேலையின் ஒழுங்கு இது: துருவை முழுதாக நீக்குதல், எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தல், எபொக்சி, பட்டி, தேய்த்தல், பில்லர் பிரைமர், மீண்டும் தேய்த்தல், கடைசியில் வர்ணம். தேய்த்த தகரத்தை இரவு முழுதும் வெறுமனே விட்டால் விடிவதற்குள் துரு தொடங்கிவிடும். பட்டி தண்ணீரை உறிஞ்சும். அதை நீர் விட்டுத் தேய்ப்பதும் ஆகாது. தென்மேல் பருவமழை கொட்டும் மே, ஜூன் மாதங்களில் திறந்த கொட்டிலில் வேலை கொடுக்காமல், முடிந்தால் காய்ந்த நாட்களைத் தேர்ந்தெடுங்கள்.

வர்ணம் அடிக்கும் முன் ஒரு தரம் போய்ப் பாருங்கள். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். தகரத்தில் ஒட்டும் காந்தம் ஓரிடத்தில் ஒட்டாவிட்டால் அங்கே பட்டி தடிப்பாக இருக்கிறது. துரு தின்ற ஓட்டையைத் தகரம் வைத்து ஒட்டாமல் பட்டியால் அடைத்திருக்கவும் கூடும். பிரைமர் நன்றாகக் காய்ந்தபின், தின்னர் தோய்த்த துணியால் மறைவான மூலையில் தேய்க்கச் சொல்லுங்கள். என்.சி. கரைந்து துணியில் வரும். ஹார்ட்னர் கலந்து இறுகிய பிரைமர் வராது. மதிப்பீட்டுச் சீட்டிலும் "பெயின்டிங்" என்று ஒரே வரி போதாது. பிரைமரின் பெயரைத் தனியாக எழுதி வாங்குங்கள்.

இந்த வேலையைச் செய்யும் பிள்ளைகளையும் நினைக்க வேண்டும். பில்லர் பிரைமரின் ஹார்ட்னரில் பெரும்பாலும் ஐசோசயனேட் என்ற இரசாயனம் உண்டு. அது ஆஸ்துமாவை உண்டாக்கும். முகத்தில் கட்டிய கைக்குட்டை அதைத் தடுக்காது. குறைந்தபட்சம் ஆவி வடிகட்டும் கார்ட்ரிஜ் முகமூடி வேண்டும். வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகமூடியே முழுப் பாதுகாப்பு. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1989 இலேயே பெயின்டர் தொழிலைப் புற்றுநோய் உண்டாக்கும் தொழில்களில் சேர்த்தது. பழைய பெயின்டைத் தேய்க்கும்போது பறக்கும் தூசியில் ஈயம் இருக்கலாம். கணவரோ மகனோ இத்தொழிலில் இருந்தால், வேலை உடுப்பை வாசலிலேயே மாற்றச் சொல்லுங்கள். குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

நல்ல பிரைமருக்கும் முகமூடிக்கும் செலவு கொஞ்சம் கூடத்தான். குறைந்த விலை சொல்லும் கராஜில் இந்த இரண்டில் எது குறைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு முற்பணத்தைக் கொடுங்கள்.