தந்திச் செய்தியும் தோல் ஷாப்பும்

பழைய வடஆர்க்காடு மாவட்டத்தில், செய்யாற்றை அடுத்த வெங்களத்தூரில் 1895இல் பிறந்த வெ. சாமிநாத சர்மாவை மொழிபெயர்ப்பாளர் வரிசையில் நிறுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பிளேட்டோவையும் ரூசோவையும் தமிழில் தந்தவர் என்பது உண்மைதான். ஆனால் அவர் பிழைப்பு பத்திரிகை. திரு.வி.க.வின் தேசபக்தனிலும் நவசக்தியிலும் தேறியவர். 1932இல் ரங்கூன் போய், 1937 முதல் அங்கே 'ஜோதி' மாத இதழை நடத்தினார். முசோலினி, ஹிட்லர், அபிசீனியச் சக்கரவர்த்தி, ஸ்பெயின் குழப்பம், செக்கோஸ்லோவேகியா, பாலஸ்தீனம் என்று அவர் நூல்களின் பெயர்களே அன்றைய தந்திச் செய்திகள் போல ஒலிக்கின்றன. தந்தியில் மூன்று வரியாக வந்த சண்டைக்கு முன்கதை சொல்லாமல் விடக்கூடாது என்ற பிடிவாதம் அவருடையது. சமகால அரசியல் வரலாறு என்று தமிழில் ஒரு துறை உண்டென்றால் அது பல்கலைக்கழகத்தில் அல்ல, இத்தகைய மேசைகளில்தான் தொடங்கியது.

அவர் எழுதியதெல்லாம் ஆங்கில நூல்களைப் படித்துத் தொகுத்ததுதானே என்பார்கள். ஆம். ஆவணக் காப்பகம் திறக்கும்வரை காத்திருந்தால், ஸ்பெயினில் என்ன நடக்கிறதென்று அன்றைய தமிழ் வாசகருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? இன்னொரு குறை கனமானது. ஒரு நாட்டின் கதையை ஒரு தலைவரின் கதையாகச் சுருக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. சர்வாதிகாரிகளைப் பற்றி அப்படி எழுதும்போது வியப்பு உள்ளே நுழைந்துவிடும் ஆபத்து உண்டு. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் முசோலினியை எழுதிய அதே கை, 1935இல் முசோலினியின் படை புகுந்த அபிசீனியாவின் மன்னரையும் எழுதியது. இரண்டையும் வாங்கிய வாசகர் ஒன்றை வைத்து மற்றொன்றை உரசிப் பார்க்க முடிந்தது. இத்தாலியரில் அவர் முந்தைய நூற்றாண்டின் மாஜினியையும் விடவில்லை. நாடு கடந்து மார்செய்யில் இருந்துகொண்டு பத்திரிகை நடத்திய மாஜினி, இத்தாலியத் தொழிலாளர்களை நோக்கி எழுதிய நூலே சர்மாவின் தமிழில் 'மனிதன் கடமை' ஆயிற்று. நாட்டுக்கான கடமைக்கு முன்னால் மனித குலத்துக்கான கடமையை வைக்கிற நூல் அது. முசோலினிக்கு இதைவிட நல்ல மறுப்பு இத்தாலியிலிருந்தே கிடைக்காது.

பாலாற்றங்கரைக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். ஆம்பூர், பேரணாம்பட்டுத் தோலும் ஷூவும் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போகின்றன. தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சேர்த்த பென்டாகுளோரோஃபீனாலை ஜெர்மனி 1989இல் தடை செய்தபோது, இங்கே தோல் ஷாப்பு என்று சொல்லும் டேனரிகளில் அது சரக்கு திரும்பிவிடுமோ என்ற கவலையாக மட்டுமே வந்து சேர்ந்தது. பசுமைக் கட்சி 1983இல் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த கதையைச் சேர்த்துச் சொல்ல ஆளில்லை. டேனரிக் கழிவுநீரை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்றது. அத்தீர்ப்பின் வேர் 1972 ஸ்டாக்ஹோமிலும் 1992 ரியோவிலும் கூடிய மாநாடுகளுக்குப் போகிறது. தோல் ஷாப்பு மூடிய தொழிலாளிக்கும், கிணற்று நீர் கெட்ட விவசாயிக்கும் அந்தக் கதை சம அளவில் தேவைப்பட்டது. கைப்பேசியில்தான் எல்லாம் வருகிறதே என்றால், வருவது தந்தி மட்டும்தான். முன்கதை இன்னும் வரவில்லை.

அந்த முன்கதையை எழுதுவதற்கு ஐரோப்பா போய்வந்திருக்க வேண்டியதில்லை. ஏற்றுமதிக் கணக்கு பார்க்கிறவரோ, சங்கத்துக்கு மனு எழுதித் தருகிறவரோ ஒருவர் முன்வந்தால் நம் அடுத்த இதழின் முதல் பதினாறு பக்கங்கள் அவருக்கு.