சிரமதானமும் பாடநெறியும்

1958 இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ.ரி. ஆரியரத்ன, தம் மாணவர்களைக் கனத்தொலுவ கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். சாதியால் ஒதுக்கப்பட்டிருந்த மக்களோடு தங்கி அவர்கள் உழைத்தனர். சர்வோதய இயக்கம் அங்கிருந்தே வளர்ந்தது.

எனக்கு அத்தகைய ஆசிரியர் வாய்க்கவில்லை. கலைப்பட்டத்துக்காகக் கிராமிய வறுமை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். நல்ல புள்ளிகளும் பெற்றேன். பின்னர் நிருபராகக் கிராமமொன்றுக்குப் போனபோது, தண்ணீர்க் குடத்தோடு காத்திருந்த மூதாட்டியிடம் எதைக் கேட்பதென்றே தெரியவில்லை. வறுமையின் வரைவிலக்கணம் தெரிந்திருந்தது. வறியவரோடு பேசத் தெரிந்திருக்கவில்லை.

நோயாளியைப் பாராமல் எவரும் மருத்துவராவதில்லை. சமூகத்தைப் பாராமல் சமூகவியற் பட்டதாரியாகலாமா?

ஒருநாள் சிரமதானமும் நிழற்படமும் இதற்குப் போதா. கிணற்றைத் துப்புரவாக்கிய மாணவர், அது ஏன் பாழடைந்தது, எவருக்கு அங்கே நீர் மறுக்கப்பட்டது என்பவற்றை ஆராய்ந்து எழுத வேண்டும். விரிவுரையாளர் அதனை வாசித்து, விவாதித்து, புள்ளியிட வேண்டும். பாடநெறியோடு பிணையாத சேவை வெறும் சான்றிதழாகச் சுருங்கிவிடும்.

கிராமத்தவரையும் ஆசிரியர்களாக மதிக்கும் பாடநெறி அது. அன்று எனக்கு அது கிடைத்திருந்தால், அம்மூதாட்டியின் முன் ஊமையாக நின்றிருக்கமாட்டேன்.