பல்கலைக்கழகங்களைக் கடனாளியாக்கும் அரசு

கடன் என்னும் தமிழ்ச் சொல்லுக்குக் கடமை என்ற பொருளும் உண்டு. திருப்பிச் செலுத்த வேண்டிய பணம் என்ற பொருளும் உண்டு. உயர்கல்வி அளிப்பது அரசின் கடன் என்றால், முதற்பொருளிலேயே மக்கள் அதைக் கொண்டனர். ஒன்றிய பாஜக அரசோ இரண்டாம் பொருளைப் பற்றிக்கொண்டது. பட்டவர் யார் என்பதையும் மாற்றி எழுதிவிட்டது.

1956ஆம் ஆண்டின் சட்டம் அமைத்த பல்கலைக்கழக மானியக் குழுவின் பெயரிலேயே மானியம் இருக்கிறது. விடுதியோ, நூலகமோ, ஆய்வகமோ எழுப்பப் பொதுநிதியிலிருந்து வந்த பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. அது போதிய அளவில் ஒருபோதும் வந்ததில்லை என்பதும் உண்மையே. தேசிய வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு 1966இல் கோத்தாரி குழு பரிந்துரைத்தது. காங்கிரஸ் அரசுகள் உட்பட எந்த ஒன்றிய அரசும் அந்த அளவை எட்டவில்லை. ஆயினும் மானியம் பற்றாமற்போவது வேறு. மானியம் கடனாக உருமாறுவது வேறு.

2016 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை உயர்கல்வி நிதியளிப்பு முகமைக்கு ஒப்புதல் அளித்தது. 'ஹெஃபா' எனப்படும் இது கனரா வங்கியுடன் சேர்ந்து உருவாக்கப்பட்ட, வங்கியல்லாத நிதி நிறுவனம். 2018 பட்ஜெட்டில், நான்கு ஆண்டுகளில் கல்விக் கட்டமைப்புக்கு 1 லட்சம் கோடி ரூபாய் முதலீடு என அருண் ஜேட்லி முழங்கினார். அந்தத் தொகையைத் திரட்டும் பணி இந்த முகமையிடம் தரப்பட்டது. கருவூலத்திலிருந்து வரவேண்டியதைச் சந்தையில் கடனாகத் திரட்டுவதற்கே முதலீடு என்று பெயர் சூட்டப்பட்டது.

இதன் செயல்முறையைக் கூர்ந்து நோக்க வேண்டும். கடன் பெற விரும்பும் நிறுவனம், தன் சொந்த வருவாயிலிருந்து குறிப்பிட்ட தொகையைப் பத்தாண்டுகளுக்குத் தனிக் கணக்கில் ஒதுக்க உடன்பட வேண்டும். வரப்போகும் அந்த வருவாயைப் பிணையாகக் காட்டி முகமை சந்தையில் பணம் திரட்டும். இன்று ஐந்தாம் வகுப்பில் படிக்கும் சிறுமி நாளை கட்டப்போகும் கட்டணமும் இன்றே அடகில் இருக்கிறது!

வட்டியை அரசே ஏற்கிறது, 2014க்கு முந்தைய மத்தியப் பல்கலைக்கழகங்கள் அசலில் 10 சதவீதம் மட்டுமே செலுத்தினால் போதும், இதற்கா இத்தனை கூச்சல் என்று ஆட்சியாளர்கள் கேட்கின்றனர். 2018 ஜூலையில் வகுக்கப்பட்ட அதே விதிகளின்படி, பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட தொழில்நுட்ப நிறுவனங்கள் அசல் முழுவதையும் தம் வருவாயிலிருந்தே அடைக்க வேண்டும். 10 சதவீதம் என்பது நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் உறுதிமொழி அன்று, அமைச்சரவை முடிவு. அமைச்சரவை வகுத்ததை இன்னோர் அமைச்சரவைக் கூட்டம் மாற்றிவிடலாம். ஐஐடிகளுக்கேனும் தொழில்துறை ஆலோசனைப் பணிகளால் வருவாய் உண்டு. வரலாறும் மொழியும் தத்துவமும் கற்பிக்கும் பல்கலைக்கழகத்தின் சொந்த வருவாய் எது? பெரும்பாலும் மாணவரின் கட்டணம்தான்.

அந்தக் கட்டணம் செல்லும் திசையை நாடு கண்டுவிட்டது. 2016இல் ஐஐடி இளநிலைப் படிப்புகளின் ஆண்டுக் கட்டணம் 90,000 ரூபாயிலிருந்து 2 லட்சமாயிற்று. 2019இல் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக நிர்வாகம் விடுதி அறைகளின் மாத வாடகையை 10, 20 ரூபாயிலிருந்து 300, 600 ரூபாயாக உயர்த்த முனைந்தது. நாடாளுமன்றம் நோக்கிப் புறப்பட்ட மாணவர்களைக் காவல்துறை தடுத்தது. 2022இல் அலகாபாத் பல்கலைக்கழகம் 975 ரூபாயாக இருந்த இளங்கலைக் கட்டணத்தை ஏறத்தாழ நான்கு மடங்காக்கியது. இவை ஒவ்வொன்றும் ஹெஃபா கடனால் நேர்ந்தவை என்பதன்று வாதம். சொந்த வருவாயைப் பெருக்கு என்னும் ஒரே கட்டளையின் வெவ்வேறு முகங்கள் இவை. கிழக்கு உத்தரப் பிரதேசத்தின் சிற்றூர்களிலிருந்து அலகாபாத் வந்து வாடகை அறையில் தங்கிப் படிக்கும் விவசாயத் தொழிலாளியின் மகனுக்கு அந்த நான்கு மடங்கு என்பது வெறும் எண் அன்று.

இன்னொன்றும் உண்டு. இக்கடனைக் கொண்டு கட்டடம் எழுப்பலாம்; ஆசிரியரை நியமிக்க முடியாது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஆயிரக்கணக்கான ஆசிரியர் பணியிடங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடக்கின்றன. பளிங்குத் தளமிட்ட வகுப்பறையில் பாடம் நடத்துபவர் பல இடங்களில் ஒப்பந்த ஆசிரியரே. கடனைக் கட்டும் பொறுப்பு மட்டும் நிரந்தரம்! இதே ஆட்சிதான் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களை 2023 விதிகளின் வழி வரவேற்று, கட்டணத்தைத் தாமே முடிவுசெய்துகொள்ளும் உரிமையையும் தந்தது.

கட்டமைப்புப் பணிகளுக்கு நேரடி மானியம் மீட்கப்பட வேண்டும். பல்கலைக்கழகங்களின் தலையில் ஏற்றப்பட்ட ஹெஃபா கடன்களின் அசல் முழுவதையும் ஒன்றிய அரசு ஏற்க வேண்டும். அதுவரை எந்தப் பல்கலைக்கழக நிர்வாகமும், எத்தனை ஆண்டுகளுக்கு எவ்வளவு வருவாயைப் பிணையாக எழுதிக்கொடுத்தது என்பதை மாணவர், ஆசிரியர், ஊழியர் முன் வெளியிட்டாக வேண்டும்.