ஏரி உள்வாயில் ஒரு கூடாரம்

அமெரிக்காவில் ஏரியோரம் குடும்பத்தோடு கூடாரம் போடவோ, ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியை நிறுத்தவோ இடம் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது புகைப்படத்தை. நீலத் தண்ணீர், அதை ஒட்டி ஒரு மேசை, மரநிழல். பிறகு மின் இணைப்பு 30 ஆம்பியரா 50 ஆம்பியரா, குளியலறையில் வெந்நீர் வருமா, வண்டியின் நீளத்துக்கு இடம் போதுமா என்று விசாரிக்கிறார்கள். எல்லாம் கேட்க வேண்டியவைதான். ஆனால், ஏரியைப் பற்றி எவரும் கேட்பதில்லை. இதைக் கட்டியது யார், எதற்காகக் கட்டினார்கள், தண்ணீரை ஏற்றி இறக்குவது யார்? விடுமுறை இனிப்பதும் கசப்பதும் பெரும்பாலும் இந்த விடையில்தான் இருக்கிறது. தமிழில் ‘ஏரி’ என்றாலே மனிதர் கரை போட்டுத் தேக்கியது. மதகு, கலங்கல், உள்வாய் எல்லாம் கூடவே நினைவுக்கு வரும். ‘லேக்’ என்ற ஆங்கிலச் சொல்லில் அந்த நினைவு இல்லை. இயற்கை தானாகக் கொடுத்தது போலவே அது காதில் விழுகிறது.

உண்மையில் அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் நீங்கள் போய்ச் சேரும் ஏரி அநேகமாக ஓர் அணையின் தேக்கம். டெக்சாஸில் இயற்கையான பெரிய ஏரி என்று சொல்லப்படுவது கேடோ ஒன்றுதான். ஆற்றில் மரக்கட்டைகள் அடைத்துக்கொண்டதால் உருவான அதற்கும் இன்று அணை உண்டு. டாலஸ்காரர்கள் போகும் டெக்சோமா சிவப்பாற்றின் மேல் 1944-இல் முடிந்த டெனிசன் அணையின் ஏரி. அட்லாண்டாக்காரர்களின் லேனியர் 1950களில் கட்டிய பியூஃபோர்ட் அணையின் ஏரி. இரண்டையும் நடத்துவது ராணுவப் பொறியாளர் படை. 43 மாநிலங்களில் 400-க்கும் மேற்பட்ட ஏரி, ஆற்றுத் திட்டங்களை அது வைத்திருக்கிறது. அந்த ஏரிகளில் பொழுதுபோக்கு வசதிகள் அமைக்க அதற்கு அதிகாரம் கொடுத்தது 1944-ஆம் ஆண்டு வெள்ளத் தடுப்புச் சட்டம். சட்டத்தின் பெயரைக் கவனியுங்கள்: வெள்ளத் தடுப்புதான் முதல் வேலை, முகாம் என்பது பிற்சேர்க்கை. நல்ல பிற்சேர்க்கை என்பதில் சந்தேகமில்லை. இந்த முகாம்களில் பெரும்பாலும் இடைவெளி தாராளம், மரங்கள் நிறைய, கட்டணமும் குறைவு. 62 வயதைத் தாண்டிய குடிமக்கள், நிரந்தரவாசிகள் கூட்டரசின் மூத்தோர் அட்டை வைத்திருந்தால் பலவற்றில் பாதிக் கட்டணம்தான்.

ஆனால், அந்த முதல் வேலையை ஏரி ஒருபோதும் மறப்பதில்லை. டெக்சோமாவின் வழக்கமான நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 617 அடியை ஒட்டியது. கலங்கல் உயரமோ 640 அடி. நடுவே இருக்கும் 23 அடியும் வெள்ளம் வந்தால் நிரப்புவதற்கென்றே காலியாக வைத்திருக்கும் உள்வாய். தண்ணீரை ஒட்டிய முகாம் இடங்களில் பல இந்த உள்வாயில்தான் இருக்கின்றன. 1957, 1990, 2007, 2015 ஆகிய ஆண்டுகளில் தண்ணீர் கலங்கலையே தாண்டியது. அப்போது மேசைகள், மின்கம்பங்கள், குளியலறைகளின் கதி என்னவாகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. லேனியரில் பிரச்சினை தலைகீழ். அதன் முழுக் கொள்ளளவு மட்டம் 1,071 அடி. 2007-ஆம் ஆண்டு வறட்சியில், டிசம்பரில் அது 1,051 அடிக்கும் கீழே போனது. அட்லாண்டாவின் குடிநீர் ஒரு பக்கம், ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு விட வேண்டிய பங்கு மறுபக்கம். ஜார்ஜியா, அலபாமா, புளோரிடா மூன்றும் இந்தப் பங்குக்காகப் பல ஆண்டுகள் வழக்காடின. காவிரி வழக்கைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அணையைத் திறக்கிறவரின் கணக்கில் உங்கள் படகுத்துறை கடைசி வரியில்கூட இருக்காது.

இதைப் புரிந்துகொண்டால் இடம் தேர்வது சுலபமாகிறது. ஏரி எங்கே ஆழமோ அங்கே, அதாவது அணைக்குப் பக்கத்தில், மட்டம் பத்தடி இறங்கினாலும் தண்ணீர் அதிகம் விலகாது. ஆறு ஏரிக்குள் நுழையும் மேல்முனையிலும் ஆழமில்லாத கிளைகளிலும் அதே பத்தடி, கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே கால் புதையும் சேற்றுவெளியை விரித்துவிடும். வண்டியோடு போகிறவர்களுக்கு விளிம்பு இடத்தைவிட ஒரு வரிசை மேலே இருக்கும் இடமே பெரும்பாலும் நல்லது: தரை சமமாக இருக்கும், வெள்ளமும் எளிதில் எட்டாது, குழந்தை கதவைத் திறந்த மறுகணம் தண்ணீரில் நிற்காது. பருவத்தையும் பார்க்க வேண்டும். டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் கென்டக்கி ஏரியைக் கோடையில் 359 அடியில் வைத்து, ஜூலை முதல் வாரம் தாண்டியதும் சிறுகச் சிறுக இறக்கி, குளிர்காலத்தில் 354 அடிக்குக் கொண்டுவருகிறது. நிறைந்த ஏரி வேண்டுமென்றால் மே, ஜூன். இலையுதிர்கால வண்ணம் வேண்டுமென்றால் சேற்றையும் சேர்த்து ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டு இரவு தங்குவதற்கு நீரியல் பாடமா என்று கேட்கலாம். அணைகளின் நீர்மட்டம் அன்றாடம் இணையத்தில் வெளியாகிறது. தங்குமிடத்தின் விமர்சனங்களைப் படிக்கும் நேரத்தில் கால் பங்குகூட ஆகாது. அதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. பொறியாளர் படையின் முகாம்களில் பலவற்றுக்கு ஆறு மாதம் முன்பே முன்பதிவு திறந்துவிடுகிறது; ஜூலை நான்கு போன்ற விடுமுறைகளுக்கு அன்றே இடம் தீர்ந்தும் போகும். ஜனவரியில் பதிவு செய்கிறவருக்கு ஜூலை மாத மழை எப்படித் தெரியும்? தெரியாதுதான். அதனால்தான் அன்றைய மட்டத்தைவிட, அந்த ஏரி வழக்கமாக எவ்வளவு ஏறி இறங்கும் என்பது முக்கியம். அது ஜனவரியிலும் தெரியும். செயற்கை ஏரியே வேண்டாம், மிச்சிகன் ஏரிக்குப் போய்விடலாமே என்பவர்களும் உண்டு. அணை கட்டித் தேக்காத அந்த ஏரியும் 2013 ஜனவரியில் பதிவான மிகக் குறைந்த மட்டத்திலிருந்து 2020 கோடைக்குள் ஆறடிக்கு மேல் ஏறி, மணற்கரைகளை விழுங்கியது. எந்த மாதம் இறங்கும் என்று அட்டவணை போட்டுச் சொல்லவும் அங்கே ஆளில்லை.

தனியார் ஆர்.வி. பூங்காக்களின் வசதியையும் குறைத்துப் பேச முடியாது. ஒவ்வொரு இடத்துக்கும் கழிவுநீர்க் குழாய், நீச்சல் குளம், வைஃபை என்று எல்லாம் இருக்கும். பொது முகாம்களில் பெரும்பாலும் தண்ணீரும் மின்சாரமும்தான். கழிவுத் தொட்டியைப் புறப்படும்போது பொது இடத்தில் வரிசையில் நின்று காலி செய்ய வேண்டும். ஒரு மாதம் தங்குகிறவருக்கு இது தொல்லை, வார இறுதிக்கு வருகிறவருக்கு ஒரு பொருட்டே அல்ல. குழந்தைகளோடு போகிறவர்கள் கவலைப்பட வேண்டியது வேறொன்றுக்கு. தேக்கங்களின் அடியில் முழுகிய மரங்களும் திடீர்ப் பள்ளங்களும் உண்டு, குளிக்கும் இடங்களில் உயிர்காப்பாளர் அநேகமாக இருப்பதில்லை. பல முகாம்களில் மிதவை அங்கியை இரவலாகவே எடுத்துக்கொள்ளலாம். அதை மாட்டிவிடத்தான் பெற்றோருக்கு மனம் வர வேண்டும். கோடை முற்றியபின் வெதுவெதுப்பான, ஆழமில்லாத நீரில் பச்சைச் சாயம் கொட்டியது போல் பாசி படர்ந்திருந்தால், பிள்ளைகளையும் நாயையும் இறக்கவே கூடாது. 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியில் அப்படிப் படர்ந்த நச்சு, டொலிடோ நகரத்தார் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாதபடி செய்தது.

டெக்சோமா கலங்கலைத் தாண்டிய அதே 2015-இல்தான் சென்னையும் முழுகியது. ஏரி உள்வாய்களில் நாம் எழுப்பியிருந்தது அடுக்குமாடிகளை; அமெரிக்கர்கள் அந்த ஏரியோரத்தில் விட்டுவைத்தது மேசையையும் மின்கம்பத்தையும். அவர்கள் எல்லா இடத்திலும் இப்படி விவேகமாக இருக்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. ஹூஸ்டனில் வெள்ளத் தேக்கங்களின் உள்வாயில் வீடு கட்டியவர்கள் 2017-இல் ஹார்வி புயலின்போது அதன் பலனை அனுபவித்தார்கள். ஆனால், ஆண்டில் பல மாதங்கள் சும்மா கிடக்கும் உள்வாயை என்ன செய்வது என்ற கேள்விக்கு முகாமைவிடப் பொருத்தமான பதில் எனக்குத் தெரிந்து இல்லை. தண்ணீர் வரப்போகிறது என்று காவலர் வந்து கதவைத் தட்டினால், மின்கம்பியைக் கழற்றி, வண்டியை வண்டியோடு கோத்து, ஒரு மணி நேரத்தில் மேட்டுக்கு ஏறிவிடலாம்.